நூல் மில் திணறுகிறது, மகளை டெக்ஸ்டைல் படிக்க வைக்கலாமா?

அண்ணே, இன்ஜினியரிங் கவுன்சலிங் சாய்ஸ் லிஸ்டில் டெக்ஸ்டைல் டெக்னாலஜியை மேலே வைக்கலாம் என்கிறாள் மகள். நீங்களோ, "நான் வேலை பார்க்கிற மில்லிலேயே பாதி ஷிப்ட்தான் ஓடுகிறது" என்கிறீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

நூற்பு மில்களின் சிரமத்துக்குக் காரணம் இருக்கிறது. மில்கள் நம் பக்கம் நிறைய, பஞ்சு விளைவதோ குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவில். லாரி வாடகை, கரண்ட் பில் எல்லாம் போக நூலில் மிஞ்சுவது கொஞ்சம். 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கும் 11% வரி வந்தது. அந்த வேலைக்கு மகளை அனுப்பச் சொல்லி நானும் கேட்க மாட்டேன்.

ஆனால் நூற்பு மட்டும் ஜவுளி அல்ல. விவசாயத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகம் பேருக்குச் சோறு போடுவது இந்தத் தொழில்தான், நேரடியாகவே சுமார் 4.5 கோடி பேருக்கு. பஞ்சு முதல் தைத்த சட்டை வரை எல்லாம் இங்கேயே முடியும். பங்களாதேஷ் பஞ்சை இறக்குமதி செய்துதான் தைக்கிறது, ஆனாலும் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் நம்மைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பெரிய பெரிய ஃபேக்டரிகள், குறைந்த கூலி, ஐரோப்பாவில் வரியில்லாத நுழைவு என்று அவர்களுக்குச் சாதகங்கள் உண்டு. நாம் இன்னும் காட்டனையே பிடித்துக்கொண்டிருக்கிறோம், உலகம் அதிகம் உடுத்துவது பாலியஸ்டர் வகைகளை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டதும் திருப்பூர் பனியன் கம்பெனிகள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஆர்டர் குறைகிற வருஷத்தில் புதிதாக ஆள் எடுப்பதும் குறையும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

சரி, அவள் எந்தப் பக்கம் போகலாம்? என் கணிப்பில், சாயமும் பிராசஸிங்கும், அதாவது துணியை வெளுத்து, சாயமேற்றிப் பதப்படுத்துகிற வேலை. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடும் என்ற நிலை வந்தது. சாயம், கெமிஸ்ட்ரி, கழிவுநீர் மூன்றும் தெரிந்த ஆளுக்கு அங்கே மதிப்பு அதிகம். இன்னொன்று டெக்னிக்கல் டெக்ஸ்டைல்: மருத்துவமனைத் துணி, கார் சீட், சாலைக்கு அடியில் விரிக்கிற துணி. மத்திய அரசு 2020-ல் இதற்காக 1,480 கோடி ரூபாயில் ஒரு திட்டமே அறிவித்தது. மூன்றாம் வருஷம் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எடுக்கும்போது இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இன்டர்ன்ஷிப்புக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

கல்லூரிக்குப் போனால் "எத்தனை சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று கேட்காதீர்கள், எந்தக் கம்பெனி, என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் ட்ரெய்னி சம்பளம்தான், ஷிப்டும் இருக்கும். பேர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, நல்ல கல்லூரியில் டெக்ஸ்டைலா என்றால் நான் டெக்ஸ்டைலைத்தான் மேலே வைப்பேன். ஆனால் அவளுக்குக் கம்ப்யூட்டரில்தான் மனசு என்றால் வற்புறுத்தாதீர்கள்.

லிஸ்டை லாக் பண்ணுவதற்கு முன், தெரிந்தவர் மூலமாக ஒரு சாயப்பட்டறை லேபுக்கு அவளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்தச் சூடும் நெடியும் ஒத்துவருமா என்று அவளே சொல்லட்டும்.