பாண்டை ஆபீசுக்கு அனுப்புங்கள்

கேள்வி: ஜேம்ஸ் பாண்ட் படங்களின் எதிர்காலம் பற்றி எங்கள் நண்பர்கள் குழுவில் மாதக்கணக்கில் சண்டை நடக்கிறது. போன படத்தில் ஆளையே கொன்றுவிட்டார்கள், இனி எப்படித் தொடர முடியும் என்கிறான் ஒருவன். கதையை 1950-களுக்கே கொண்டுபோய், இயான் ஃபிளெமிங் எழுதியபடியே எடுக்க வேண்டும் என்கிறான் இன்னொருவன். பெண் பாண்ட் வரட்டும் என்கிறாள் ஒருத்தி. அடுத்த நடிகர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள், கட்டுப்படுகிறோம். – ஒரு வாசகர்

பதில்: கட்டுப்படமாட்டீர்கள். 2005-இல் டேனியல் கிரெய்க் பெயரை அறிவித்தபோது, ‘தலைமுடி பொன்னிறம், உயரம் போதாது, படத்தைப் புறக்கணியுங்கள்’ என்று இணையதளமே திறந்த இனம் உங்களுடையது. மறு ஆண்டு ‘கேசினோ ராயல்’ வந்தது. தலைமுடிப் பேச்சு அடங்கிவிட்டது. உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பாண்டைப் படைத்த ஃபிளெமிங்குக்கே, திரையில் முதல் பாண்டாக வந்த ஷான் கானரியை ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. படம் ஓடியதும் மனம் மாறி, பின்னால் எழுதிய நாவலில் பாண்டின் தந்தையை ஸ்காட்லாந்துக்காரர் ஆக்கிவிட்டார். நடிகருக்கு ஏற்றபடி பாத்திரத்தின் அப்பாவையே மாற்றிய கதை இது. ஆகவே மாப்பிள்ளை பார்க்கும் படலத்துக்கு என்னை அழைக்காதீர்கள்.

இறந்தவன் எப்படி வருவான் என்று கேட்கும் நண்பரிடம் ஒரு சமாதியைக் காட்டுங்கள். 1969-இல் வந்த படத்தில் ஜார்ஜ் லேசன்பி நடித்த பாண்ட் திருமணம் செய்துகொள்கிறான். அன்றே மனைவியைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். 1981-இல் வந்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ அவள் சமாதியில்தான் தொடங்குகிறது. கல்லில் 1969 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. குனிந்து பூ வைப்பவர் ரோஜர் மூர். தாலி கட்டியவர் ஒருவர், திதி கொடுப்பவர் இன்னொருவர்; அரங்கில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. 2006-இல் பாண்ட் அப்போதுதான் கொல்லும் உரிமம் பெற்ற புதியவனாக வருகிறான். அவனுக்கு மேலதிகாரி யார்? முந்தைய பாண்டுக்கு அதிகாரியாக இருந்த அதே ஜூடி டென்ச். கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். யாரும் பார்க்கவில்லை. 2021-இல் ‘நோ டைம் டு டை’ அவனைக் கொன்ற பிறகும், கடைசியில் ‘ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார்’ என்று எழுத்துப் போட்டுத்தான் விளக்கைப் போட்டார்கள். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

1950-களுக்குப் போகச் சொல்பவர் படித்தவர் போலிருக்கிறது. அவரிடம்தான் எனக்குக் கொஞ்சம் வாதாட ஆசை. தொடரின் முதல் படமான ‘டாக்டர் நோ’வில் வில்லனின் கடலடி மாளிகையில் பாண்ட் படியேறும்போது ஓர் ஓவியத்தைப் பார்த்து ஒரு கணம் நிற்பான். கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் படம் அது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்திலிருந்து 1961 ஆகஸ்டில் திருடு போனது. 1962 அக்டோபரில் படம் வெளியானபோது அது கிடைத்திருக்கவில்லை. ‘ஓகோ, இங்கேதான் இருக்கிறதா’ என்று அரங்கம் சிரித்ததற்குக் காரணம், எல்லோரும் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்திருந்தார்கள். வில்லனின் வேலையோ கரீபியன் தீவிலிருந்தபடி அமெரிக்க ராக்கெட்டுகளைத் திசைதிருப்புவது. படம் வெளியான அதே மாதத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி வெடித்தது. இந்தத் தொடர் பிறந்ததே அன்றைய செய்தித்தாளின் மை காயாத பக்கத்தில்தான். 1950-களில் கொண்டுபோய் வைத்தால் தொப்பி, கார், சிகரெட் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மெழுகுப் பொம்மைக் காட்சியும் அழகாகத்தான் இருக்கிறது.

பெண் பாண்டுக்கு ஒரு வரி போதும். 007 என்பது அலுவலக எண். போன படத்திலேயே அதை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள், வானம் இடிந்து விழவில்லை. ஜேம்ஸ் பாண்ட் என்பது ஓர் ஆளின் பெயர், அது அவனிடமே இருக்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். பாண்ட் ஓர் அரசு ஊழியன். இதை நான் சொல்லவில்லை, ஃபிளெமிங் சொல்கிறார். 1955-இல் வெளியான ‘மூன்ரேக்கர்’ நாவலின் தொடக்கத்தில் பாண்ட் மேஜைக்கு முன் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறான். அவனுக்கே உரிய அபாயமான வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். மற்ற நாட்களில் பத்து மணி வாக்கில் வந்து ஆறு மணிக்குப் போகும் உத்தியோகம், கேன்டீனில் சாப்பாடு, ஆண்டுக்கு 1,500 பவுண்டு சம்பளம். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவைதாம். இந்தக் குமாஸ்தாவை ஒரு நாள் மேலதிகாரி கூப்பிடுகிறார் என்பதில்தான் கதையின் மொத்த மின்சாரமும் இருக்கிறது.

முதல் படத்தை மறுபடி பாருங்கள். சீட்டாட்ட மேஜையிலிருந்து பாண்டை அழைத்து வருகிறார்கள். நேரம் அதிகாலை மூன்று மணி. தொப்பியைக் கொக்கியை நோக்கி வீசுகிறான், செயலாளர் மணிபென்னியிடம் இரண்டு வார்த்தை குலாவுகிறான், உள்ளே போகிறான். ஜமைக்காவில் நம் ஆள் ஒருவரைக் காணவில்லை, போய்ப் பார் என்கிறார் மேலதிகாரி எம். அதோடு விடவில்லை. ‘போன முறை உன் பெரெட்டா துப்பாக்கி மக்கர் செய்து ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், அதைக் கொடுத்துவிட்டு வால்தரை எடுத்துக்கொள்’ என்று ஆயுத நிபுணரை அழைக்கிறார். பாண்ட் முனகுகிறான். பழைய துப்பாக்கியைப் புதியதன் பெட்டிக்கு அடியில் ஒளித்து நைசாக எடுத்துக்கொண்டு கதவருகே போகிறான். எம் தலை நிமிராமல், பெரெட்டாவை வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். வாத்தியாரிடம் கோலிக்குண்டோடு பிடிபட்ட பையனைப் போலத் திரும்பிவந்து வைக்கிறான். உலகத்தில் யாருக்கும் அஞ்சாதவன் ஒரு மேஜைக்கு முன் கைகட்டி நிற்கிறான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அவன் எத்தனை பேரை அடித்தாலும் நமக்கு ருசிக்கிறது.

அந்தப் பையன் ஒழுங்காக அலுவலகம் போய் எவ்வளவு காலம் ஆகிறது தெரியுமா? 1969-இல் கோபித்துக்கொண்டு ராஜினாமா எழுதச் சொன்னான். மணிபென்னி அதை இரண்டு வார விடுமுறை விண்ணப்பமாக மாற்றிக் காப்பாற்றினாள். அப்போது அது நகைச்சுவை. 1989-இல் ‘லைசென்ஸ் டு கில்’, நண்பனுக்காகப் பழிவாங்கப் போய் உரிமம் பறிபோனது. புதுமையாகத்தான் இருந்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. கிரெய்க் காலத்து ஐந்து படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் மின்னஞ்சலில் ராஜினாமா. இரண்டாவதில் அவன் கிரெடிட் கார்டையே அலுவலகம் முடக்கிவிட்டது. மூன்றாவதில் செத்துவிட்டதாக ஊரை நம்பவைத்துக் கடற்கரையில் குடித்துக்கொண்டிருந்தான். நான்காவதில் தண்டனையாக ஊரிலேயே இருக்கச் சொன்னதை மீறிக் கம்பி நீட்டினான். ஐந்தாவதில் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. வில்லன்களும் அப்படியே. உலகத்தை மிரட்டிய புளோஃபெல்ட் கடைசியில் பார்த்தால் பாண்டை வளர்த்தவரின் மகனாம்! அப்பாவின் பாசம் பங்கு போன வயிற்றெரிச்சலில் சர்வதேசச் சதி. இது உளவுப் படமா, பாகப்பிரிவினை வழக்கா?

கிரெய்க் நல்ல நடிகர், ‘கேசினோ ராயல்’ தொடரின் மிகச் சிறந்த மூன்று நான்கு படங்களில் ஒன்று. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் ஒரு முறை உடைந்தால் துயரம். படத்துக்குப் படம் உடைந்தால் நாம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம்.

திரும்பிவர வழி தெரியாத தொடரும் அல்ல இது. 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வசூலைப் பார்த்ததும், அடுத்தது என்று அறிவித்திருந்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யை ஓரமாக வைத்துவிட்டுப் பாண்டை விண்வெளிக்கே அனுப்பினார்கள். லேசர் துப்பாக்கிச் சண்டை வரை போய்விட்டு, 1981-இல் தரையிறங்கினார்கள். அந்தப் படத்தில் அவனுடைய பகட்டான லோட்டஸ் கார் ஆரம்பத்திலேயே வெடித்துச் சிதறும். ஒரு பெண்ணின் தகர டப்பா போன்ற சித்ரோயன் காரில் ஏறித் தப்பிக்க வேண்டியிருக்கும். 2002-இல் கண்ணுக்குத் தெரியாத கார் வந்தது. அடுத்த படத்தில் கருவிகள் செய்துதரும் கியூவே இல்லை. எல்லை மீறிய ஒவ்வொரு முறையும் பொருட்களைக் குறைத்துக்கொண்டு திரும்பினார்கள். இந்த முறை குறைக்க வேண்டியது கண்ணீர்.

குறைப்பார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அன்றெல்லாம் போதும் என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தார்: முதலில் தயாரிப்பாளர் ஆல்பர்ட் பிராக்கலி, பிறகு மகள் பார்பராவும் அவர் சகோதரர் மைக்கேல் வில்சனும். 2022-இல், பாண்ட் படங்களில் பங்குள்ள எம்ஜிஎம் நிறுவனத்தை அமேசான் 845 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 பிப்ரவரியில் படைப்புரிமையின் கடிவாளமும் குடும்பத்திடமிருந்து அமேசானுக்குக் கைமாறியது. அடுத்த படத்துக்கு டெனி வில்னவ் இயக்குநர், ஸ்டீவன் நைட் எழுத்தாளர். இருவரும் வேலை தெரிந்தவர்கள். என் பயம் அவர்களைப் பற்றியது அல்ல. ஓடிடி தளத்தில் வாரா வாரம் ஏதாவது புதிதாகப் போட்டாக வேண்டிய வியாபாரத்துக்கு, நான்கு வருடம் காத்திருந்து ஒரு படம் எடுக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? மணிபென்னியின் இளமைக் காலம், கியூவின் பட்டறை, வில்லன் வளர்ந்த கதை என்று கிளைக்கதைகள் கிளம்பினால் உங்கள் குழுவுக்குச் சண்டைக்குப் பஞ்சம் இருக்காது.

நடிகர் பெயரைச் சொல்லாமல் தப்பித்துவிட்டேன் என்பீர்கள். ஒரு கணக்கு மட்டும் தருகிறேன். ஃபிளெமிங்கின் விதிப்படி 007 போன்ற எண் உள்ளவர்களின் இரட்டைப் பூஜ்யப் பிரிவில் 45 வயதோடு சரி. ரோஜர் மூரின் கடைசிப் பாண்ட் படம் வெளியானபோது அவருக்கு 57. இரண்டு படங்களுக்கு இடையே ஆறு வருட இடைவெளி இதுவரை இருமுறை விழுந்திருக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ளவர்களின் இன்றைய வயதோடு இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களுக்காகச் சண்டையைத் தொடருங்கள்.