வாளியில் ஏடு கட்டிய தண்ணீர்

கேள்வி: டாக்டர் சார், எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பதினெட்டு வருடமாக டெல்லியில் இருக்கிறேன். நஜஃப்கர் தாண்டி ஒரு சின்ன நிலத்தில் நாலு குதிரை வைத்துப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு நாள் விடிகாலையில், வெளியில் வைத்திருந்த அகலத் தட்டில் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருந்தது. போனில் பார்த்தால் 3 டிகிரி என்று காட்டியது. பூஜ்யத்துக்கு இறங்காமலே தண்ணீர் எப்படி உறைகிறது? ஒரு பெண் குதிரை இரண்டு நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, லத்தியும் கெட்டியாகப் போடுகிறது. குதிரை பார்க்கும் பையன் தண்ணீரில் உப்பைப் போடலாம் என்கிறான். பக்கத்து டெய்ரிக்காரர் தொட்டியில் கரண்ட் ராட் போட்டுச் சூடாக்கச் சொல்கிறார். அடுத்த குளிருக்கு இரண்டு குதிரைகளை உத்தராகண்ட் மலையில் இருக்கும் முக்தேஷ்வர் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் விடலாம் என்றும் இருக்கிறேன். அங்கே நிஜமாகவே உறையுமே, என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பெண் குதிரையைக் கவனியுங்கள். ஐஸ் கதையெல்லாம் அப்புறம்.

இரண்டு நாளாகத் தண்ணீர் குறைவு, லத்தி கெட்டி என்றால் குடலில் தீனி இறுகிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இன்றே ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்துக் காட்டிவிடுங்கள். அவர் வரும்வரை பூசாவை (பொடித்த கோதுமைத் தாளை) நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை முன்னால் வையுங்கள், மெதுவாக நடக்க விடுங்கள். முன்னங்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்து எழுந்து புரள்வது, வியர்ப்பது, இதில் எது தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள், ராத்திரியே கூப்பிடுங்கள். டெல்லிப் பக்கத்தில் இதற்கென்று ஒரு வைத்தியம் இருக்கிறது. குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயிலோ பீர் பாட்டிலிலோ கடுகெண்ணெயும் பெருங்காயமும் கலந்து வாயில் ஊற்றுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டால் வயிற்று வலியோடு வந்த குதிரை நிமோனியாவில் போய்ச் சேரும். எண்ணெய் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் இறக்கிக் கொடுப்பார்.

அவரிடம் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல் தேய்ந்தோ கூர் ஏறியோ இருந்தால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசும். குதிரை வாயை வைத்துவிட்டு எடுத்துவிடும்.

இனி, 3 டிகிரியில் ஐஸ் எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். போனில் வருவது காற்றின் வெப்பம். அதைத் தரையிலிருந்து நாலு அடி உயரத்தில், நிழலான பெட்டிக்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். மேகமோ மூடுபனியோ காற்றோ இல்லாத ராத்திரியில் தரையும் தரைமேல் இருப்பதும் தம் சூட்டை நேராக வானத்துக்குக் கொடுத்துவிடும். அப்போது புல் நுனியும் உங்கள் தட்டும் காற்றைவிட நாலைந்து டிகிரி கீழே போய்விடுவது சாதாரணம். டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவானதிலேயே குறைவு 1935 ஜனவரி 16-ஆம் தேதி, மைனஸ் 0.6. 2021 புத்தாண்டு அன்று 1.1 வரை இறங்கியது. அதாவது காற்றே உறைநிலைக்குப் போவது டெல்லியில் அபூர்வம். உங்கள் தட்டை உறைய வைத்தது வானம்தான்.

இதைத் தெரிந்துகொண்டே நம் ஆட்கள் ஒரு காலத்தில் ஐஸ் தயாரித்தார்கள் தெரியுமா? அலகாபாத் பக்கத்தில் குளிர்கால ராத்திரிகளில் ஐஸ் எடுத்த விதத்தை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1775-இல் விவரமாக எழுதியிருக்கிறார். திறந்த வெளியில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியில் கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ கனமாகப் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத, மெருகு போடாத சின்ன மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியும் முன் வந்து ஐஸை வழித்து எடுப்பார்கள். அந்தச் சோளத் தட்டை எதற்கு? தரையின் சூடு சட்டிக்கு ஏறக்கூடாது. ஆழமில்லாத சட்டி எதற்கு? கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் குளிரும். மெருகில்லாத மண் எதற்கு? தண்ணீர் கசிந்து ஆவியாகி இன்னும் குளிரும்.

உங்கள் அகலத் தட்டு கிட்டத்தட்ட அந்தச் சட்டிதான். அவர்கள் செய்ததை எல்லாம் தலைகீழாகச் செய்தால் உங்கள் வேலை முடிந்தது. ஆழமான தொட்டி, கூரைக்கு அடியில், மண்ணைத் தொட்டபடி. முடிந்தால் ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். ராத்திரியில் பாதிக்கு மேல் பலகையால் மூடுங்கள். இரும்பு ஸ்டாண்டில் தூக்கி வைத்த வாளி அழகாக இருக்கும், ஆனால் தரைச் சூடு அதற்குக் கிடைக்காது. இவ்வளவு செய்தால் டெல்லியில் ஐஸ் பிடிக்காது, ஒரு ரூபாய் கரண்டும் வேண்டாம்.

ஆனால் ஐஸ் இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லிக் குளிரில் நான் பார்த்த வயிற்று வலிக் குதிரைகளில் ஒன்றுக்குக்கூடத் தொட்டி உறைந்ததில்லை. தண்ணீர் இருந்தது, குதிரைதான் குடிக்கவில்லை. நானூறு கிலோ குதிரைக்குச் சும்மா நிற்கும்போதே ஒரு நாளைக்கு இருபது லிட்டர் தண்ணீர் வேண்டும். காய்ந்த தீனி என்றால் இன்னும் கூடுதல். வெயிலில் அதுவே தேடிக் குடிக்கும், குளிரில் தாகம் தெரியாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மட்டக்குதிரைகளை வைத்துப் பார்த்து 1994-இல் எழுதினார்கள். ஐஸ் மாதிரி இருந்த தண்ணீருக்குப் பதிலாகச் சுமார் 19 டிகிரியில் தண்ணீர் வைத்தபோது அவை ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம் குடித்தன. அங்கேயே இன்னொரு வேடிக்கையும் கண்டார்கள். சூட்டு வாளியையும் ஐஸ் வாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குதிரை ஐஸ் வாளிக்குத்தான் போகிறது, மொத்தத்தில் குறைவாகவும் குடிக்கிறது. ஆகவே ‘எது பிடிக்கிறதோ குடிக்கட்டும்’ என்று இரண்டையும் வைக்காதீர்கள். வெதுவெதுப்பானது மட்டும் இருக்கட்டும்.

அந்த வெதுவெதுப்பு உங்கள் காலடியிலேயே இருக்கிறது. போர்வெல் தண்ணீர் ஜனவரியிலும் இருபது டிகிரிக்கு மேலேதான் வரும். விடிகாலையில் மோட்டார் போட்டால் ஆவி பறக்குமே, பார்த்திருப்பீர்கள். அதை மாடித் தொட்டியில் ஏற்றி ராத்திரி முழுக்கக் குளிர வைத்துவிட்டு, காலையில் குழாயைத் திறந்து குதிரைக்குக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மோட்டார் ஓடும்போதே நேராக வாளியில் பிடித்துக் கொடுங்கள்.

நேரமும் முக்கியம். ஊரில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதற்கு ஒரு வேளை வைத்திருப்போம் இல்லையா, அதுபோலத்தான். காய்ந்த தீனி தின்ற பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் குதிரை நிறையக் குடிக்கும். தீனி போட்ட கையோடு வாளியை மாற்றுங்கள். காலை, மதியம், ராத்திரி என்று மூன்று தடவை புதுத் தண்ணீர். வாளியின் உள்ளே பெயின்டால் அஞ்சு லிட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டால், எவ்வளவு குடித்தது என்று பையன் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, கோடு சொல்லும்.

தீனியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பர்சீம் என்ற பச்சைத் தீவனப் பயிரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அது தின்னும் குதிரை வாளியைக் குறைவாகக் காலி செய்தால் பயமில்லை. பூசா மட்டும் தின்னும் குதிரை அப்படிச் செய்தால் பயம்தான். பொடிப்பொடியான அந்தக் கோதுமைத் தாள் தண்ணீர் இல்லாமல் குடலில் சிமெண்ட் மாதிரி இறுகும். உங்கள் நாலில் இது ஒன்றுக்கு மட்டும் ஏன் வந்தது என்று பாருங்கள். வயதானதா, அதன் பங்கு பர்சீமை மற்றவை பிடுங்கிக்கொள்கின்றனவா? தவிட்டையும் கொள்ளையும் ஊற வைத்துக் கஞ்சி மாதிரி கொடுத்தால் அதிலேயே நாலைந்து லிட்டர் உள்ளே போய்விடும்.

உப்பைப் பற்றிப் பையன் சொன்னது பாதி சரி. தீனியில் ஒரு நாளைக்கு முப்பது கிராம் உப்புக் கலந்தால் தாகம் எடுக்கும், நன்றாகவே குடிக்கும். ஆனால் உறையாமல் இருக்கத் தண்ணீரில் போடுவது வேறு கணக்கு. உறைநிலையை ஒரு டிகிரி இறக்க லிட்டருக்கு சுமார் 17 கிராம் வேண்டும். மைனஸ் 3-இல் உறையாமல் இருக்க அறுபது லிட்டர் தொட்டிக்கு மூன்று கிலோ. கடல் தண்ணீரே லிட்டருக்கு 35 கிராம்தான். குதிரை வாயைக்கூட வைக்காது. வைத்தாலும் கேடு.

ராட் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பல வருடம் முன்பு டெல்லியில் ஒரு லாயத்திலிருந்து கூப்பிட்டார்கள். நாலு குதிரை, தொட்டி நிறையத் தண்ணீர், ஒன்றும் குடிக்கவில்லை. வாயில் ஏதோ நோய் என்று பயந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு குதிரை தாகத்தோடு வந்தது, உதட்டை நீட்டியது, தண்ணீரைத் தொட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனது. மறுபடி வந்தது, மறுபடி அப்படியே. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்த சாயிஸ் (குதிரை பார்ப்பவர்) தொட்டிக்குள் கையை விட்டு “ஒண்ணுமில்லையே சார்” என்றார். டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரிந்தது. ராட் கசிந்துகொண்டிருந்தது. இரும்பு லாடம், ஈரத் தரை, நனைந்த உதடு, அதற்குமேல் என்ன வேண்டும்? நமக்கு உறைக்காத கரண்ட் அதற்கு நன்றாகவே உறைக்கும். கூடினால் உயிரையே எடுக்கும்.

சூடாக்கத்தான் வேண்டுமென்றால் வேறு வாளியில், குதிரை எட்டாத இடத்தில் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கி ராடை வெளியே எடுத்த பிறகு கொண்டுபோய் ஊற்றுங்கள். 1,500 வாட் ராடில் இருபது லிட்டரை 5 டிகிரியிலிருந்து 20-க்குக் கொண்டுவரக் கால் மணி நேரம் போதும், அரை யூனிட்டுக்கும் குறைவு.

முக்தேஷ்வர் வேறு உலகம். சுமார் 2,290 மீட்டர் உயரம், குளிரில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம், பனியும் விழும். நம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 1893-இல் புனேயிலிருந்து அந்தக் காட்டுக்குத்தான் போனது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும்’ என்று ஊரில் சொல்வதை நான் நம்பியது அங்கே ஒரு குளிர்காலம் இருந்த பிறகுதான்.

அங்கே தொட்டிக்கு உடுப்புப் போட வேண்டும். அறுபது லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பெரிய மரப்பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் காய்ந்த பைன் இலையைத் திணியுங்கள். குமாவுன்காரர்கள் பிரூல் என்பார்கள், காசு கொடுக்காமலே கிடைக்கும். தெர்மாகோல் இன்னும் நல்லது, ஆனால் குதிரை கடித்துத் தின்னும், மேலே பிளைவுட் அடித்துவிடுங்கள். எதுவானாலும் நனையக்கூடாது. தண்ணீர் மேல் ஒரு மரப்பலகையை மிதக்க விட்டு, மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விடுங்கள். தெற்குச் சுவரோரம் பகல் வெயில் படும்படி வையுங்கள். சிமெண்ட் தொட்டி கட்டாதீர்கள். தண்ணீர் ஐஸாகும்போது ஒன்பது சதவீதம் பருக்கும், தொட்டி வெடித்துவிடும். டயர் ரப்பரில் செய்த தொட்டி கிடைத்தால் அதுவே உத்தமம், கவிழ்த்து ஒரு உதை விட்டால் ஐஸ் கட்டியாக விழுந்துவிடும். குழாயை ராத்திரி வடித்துவிட்டுத் திறந்தே வைக்க வேண்டும்.

இத்தனை செய்தும் மைனஸ் 4, 5 என்று வந்தால் காலையில் ஏடு கட்டத்தான் செய்யும். அதில் ஓட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், உடைத்த துண்டுகளைச் சல்லடையால் அள்ளி வெளியே போடுங்கள். பிறகு சூடு. இருபது லிட்டர் ஐஸ் தண்ணீருக்கு அஞ்சு லிட்டர் கொதிநீர் ஊற்றினால் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். (அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.) ஒரு விறகடுப்பும் பெரிய அண்டாவும் போதும். ‘பனியைத் தின்று சமாளிக்கும்’ என்று தோட்டக்காரர் யாராவது சொல்வார், கேட்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீருக்குப் பத்து வாளிப் பனி தின்ன வேண்டும். பச்சைத் தீனியும் அங்கே குளிரில் கிடைக்காது, காய்ந்த புல்தான். அதனால் தண்ணீர் கணக்கில் டெல்லியைவிடக் கெடுபிடியாக இருங்கள்.

கிளம்பும் முன் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் அந்தப் பரிசோதனைக்குப் பெரிய இடம், உங்கள் மருத்துவர் மூலம் அனுப்பலாம். அந்த நோய் பொதுத் தொட்டியில் வாய் வைத்துத்தான் அதிகம் பரவுகிறது, மனிதருக்கும் வரும். வழியில் ஹல்த்வானியில் நிறுத்தினாலும் சொந்த வாளியில்தான் தண்ணி காட்ட வேண்டும். புது ஊர்த் தண்ணீர் வாசனை பிடிக்காமல் சில குதிரைகள் முகத்தைத் திருப்பும். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இங்கே வாளிக்கு ஒரு சின்ன உருண்டை வெல்லம் கரைத்துப் பழக்குங்கள். மேலே போனதும் அதே வெல்லம், அதே வாளி. இரண்டு கேன் நஜஃப்கர் தண்ணீரையும் வண்டியில் போட்டுக்கொண்டால் முதல் நாள் கலந்து கொடுக்கலாம்.