கிராமங்களில் மறைந்துபோன கறுப்பின வரலாறு, ஊர்க்காரர்கள் பேசுவதால் மீளுமா?

மீளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிரைஸ்வில் என்று ஒரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களில் கறுப்பினக் குடும்பங்களும் உண்டு. பலருக்கு நில உரிமை கிடைக்கவில்லை, மெல்ல வெளியேறினார்கள். 1930களில் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையே உழுது உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள்! கல்லறைக் கற்களையும் அகற்றிவிட்டார்கள். எனக்கு இதைவிட வேதனை, விஷயம் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தும் பல பத்தாண்டுகள் யாரும் வாய் திறக்காததுதான். அப்புறம் அங்குள்ள சிலர் துணிந்து பேசத் தொடங்கினார்கள். சில கற்கள் மீட்கப்பட்டன. 1990இல் அந்த இடம் மறுபடி கல்லறைத் தோட்டமாக அர்ப்பணிக்கப்பட்டது. இப்படிப்பட்ட பேச்சைத் தொடங்க, “அந்த வயலில் முன்னாடி என்ன இருந்தது?” என்று பெரியவர்களிடம் கேட்டாலே போதும்.