தாத்தாவின் நாலு கோட்டுப் புத்தகம்

கேள்வி: ஐயா, கத்தோலிக்கக் கோயிலில் லத்தீன் பூசை நடந்த காலத்தில் எங்கள் தாத்தா பாடற்குழுவில் இருந்தவர். அவர் பெட்டியில் தடித்த லத்தீன் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இசைக் குறிப்புக்கு வழக்கமான ஐந்து கோட்டுக்குப் பதில் நாலு கோடு, சதுரப் புள்ளிகள். 'எண்ணூறு வருஷச் சுவடி, லட்சக்கணக்கில் போகும்' என்கிறார் சித்தப்பா. உண்மையா?
- வாசகி, சோழவந்தான்

பதில்: சித்தப்பா கொஞ்சம் பொறுக்கட்டும் அம்மா. மெல்லிய தாளில் அச்சடித்திருந்தால், அது பெரும்பாலும் 'லீபர் உசுவாலிஸ்' என்ற லத்தீன் வழிபாட்டுப் பாட்டுத் தொகுப்பு. பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் 1896இல் முதலில் வெளியிட்டார்கள். தலைப்புப் பக்கத்தில் ஆண்டு இருக்கும். சதுரங்களுக்கு அடியில் குட்டியாகச் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் சொலெம் பதிப்பேதான்.

எழுத்து முறை மட்டும் நிஜமாகவே பழையது. பத்தாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்தில் எழுதிய பாட்டுச் சுவடியில் கோடே கிடையாது. வார்த்தைக்கு மேலே சின்னச் சின்னக் கீற்றுகள், அவ்வளவுதான். மெட்டு முன்பே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். மீனாட்சியம்மன் கோயில் ஓதுவார் தேவாரம் படித்ததுபோல, குருவின் வாயைக் கேட்டுத்தான் பாடம். 1030க்குக் கொஞ்சம் முன்பின்னாக இத்தாலியின் அரெஸ்ஸோவில் இருந்த குய்தோ என்ற துறவி, கோடு போட்டு எழுதும் முறையைச் சீர்படுத்தினார். 'ஃபா' என்ற சுரத்துக்குச் சிவப்புக் கோடு, 'தோ' சுரத்துக்கு மஞ்சள். கேட்டிராத பாட்டையும் பையன்கள் பார்த்தே பாடலாம் என்றாயிற்று.

பிற்கால மடங்களின் பெரிய பாட்டுச் சுவடிகள் பெட்டிக்குள் அடங்காது. தோலில் எழுதியவை, தூக்கவே ஆள் வேண்டும். ஒரே புத்தகத்தை மேடையில் விரித்து மொத்தக் குழுவும் தள்ளி நின்று பாடும். எந்தத் திருநாள் எங்கே தொடங்குகிறது என்று காட்டவே தங்க எழுத்து. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து முதல் ஞாயிறின் 'ஆத் தே லெவாவி' ('உம்மிடம் என் ஆன்மாவை உயர்த்தினேன்') பாட்டுக்குப் பெரிய 'ஆ' போட்டு, உள்ளே தாவீது அரசர் ஆன்மாவைக் குழந்தை வடிவில் ஏந்தி நிற்பதாக வரைவார்கள். சுண்ணப் பசைமேல் தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஆமாம், நாய்ப்பல்தான்!

நெப்போலியன் காலத்தில் மடங்கள் பல மூடப்பட்டதும் வியாபாரிகள் அந்த எழுத்துகளை மட்டும் வெட்டி விற்றார்கள். பாட்டு பாதியில் அறுந்தது. எனக்கு இன்றும் அந்தக் கோபம் போகவில்லை.

சரி, உங்கள் புத்தகத்துக்கு லட்சம் வராது. ஆனால் ஓரங்களைப் பாருங்கள். எங்கள் காலத்தில் லத்தீன் பாட்டின் வார்த்தைகளை 'தாந்தும் எர்கோ' என்று தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடினோம். தாத்தாவும் பென்சிலில் அப்படி எழுதியிருந்தால், படமெடுத்து அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.