வேன் ஓட்டுநரையும் உட்கார வையுங்கள்

வாசகர் கேள்விகள்: குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி
(பதில் தருபவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பள்ளிகளுக்கும் தனி வகுப்புகள் நடத்துபவர்களுக்கும் பயிற்சி அளிக்கிறார்.)

எங்கள் நர்சரிப் பள்ளி ஆசிரியைகளுக்குப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) பயிற்சி நடத்தினோம். ஆயா, வேன் ஓட்டுநர், காவலாளி ஆகியோரையும் அழைக்கலாம் என்றேன். "அவர்களுக்கு என்ன புரியும்?" என்கிறார் தாளாளர்.
– பள்ளி முதல்வர், திண்டுக்கல்

தாளாளர் ஒரு நாள் காலையில் உங்கள் வேனில் ஏறி வரட்டும். முதலில் ஏறும் பிள்ளையும் கடைசியில் இறங்கும் பிள்ளையும் ஓட்டுநரோடு எவ்வளவு நேரம் தனியாக இருக்கிறார்கள் என்பது அவருக்கும் புரிந்துவிடும். எல்.கே.ஜி. குழந்தையைக் கழிவறைக்கு அழைத்துப்போவது ஆயாதானே, முதல்வரா?

2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்று யாராக இருந்தாலும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும். தனியாக வேறொரு நாள் வைக்காமல் ஆசிரியைகளோடு சேர்த்தே உட்கார வையுங்கள். திரையில் ஆங்கிலத்தில் ஓட்டாமல் தமிழில் பேசுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தை இன்று உடை மாற்ற விடாமல் அலறுகிறது என்பதை முதலில் பார்ப்பவர் ஆயாதான். என் வகுப்புகளில் உருப்படியான கேள்விகள் பெரும்பாலும் கடைசி வரிசையிலிருந்தே வருகின்றன. "பிள்ளை தானாக வந்து மடியில் உட்கார்ந்தால் இறக்கிவிட வேண்டுமா, அம்மா?" என்று ஓர் ஆயா கேட்டார். அந்த ஒரு கேள்வியைப் பற்றி அன்று நெடுநேரம் பேசினோம்.

வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். இந்தச் சட்டமெல்லாம் பள்ளிக்கூடங்களுக்குத்தானே?
– நாட்டிய ஆசிரியை, கும்பகோணம்

இல்லை அம்மா. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ புகார் தர வேண்டியது எல்லோருடைய கடமை என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மாடி வகுப்புக்கு விலக்கு இல்லை. கதவைத் திறந்தே வையுங்கள். பெற்றோர் உட்கார நாற்காலி போடுங்கள். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியைத் திருத்தும்போது முதலில் உங்கள் உடம்பில் செய்து காட்டுங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் சொல்லிவிட்டுத் தொடுங்கள். மிருதங்கம் வாசிக்க வருகிறவருக்கும் இதே விதிதான், அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டுக்கு வரும் உறவினர் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாக அழுதுகொண்டே சொன்னாள். "யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர்" என்கிறாள். தலைமையாசிரியரோ, "நாமே முதலில் விசாரிப்போம், பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்கிறார்.
– ஆசிரியை, ஊர் வேண்டாம்

இந்த இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு நேரடியாகவே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

விசாரிப்பது உங்கள் வேலையும் அல்ல, தலைமையாசிரியர் வேலையும் அல்ல. காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ அன்றே தெரிவித்துவிட வேண்டும். வழி தெரியாமல் தவித்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்பதும் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதை மட்டும் தலைமையாசிரியர்கள் ஏனோ படிப்பதில்லை.

இனி அந்தச் சிறுமி. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது காப்பாற்ற முடியாத வாக்கு. "நீ சொன்னது நல்லது. உன்மேல் தப்பே இல்லை. உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்லப்போகிறேன்" என்று சொல்லுங்கள். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் குழந்தையின் வாய் அடைத்துவிடும். துருவித் துருவிக் கேட்காமல், அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே, நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். தலைமையாசிரியர் முன்னால் ஒருமுறை, தாளாளர் முன்னால் ஒருமுறை என்று அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அந்த உறவினரைக் கூப்பிட்டுக் கேட்கவே கூடாது. ஆள் உஷாராகிவிடுவார், அடி விழுவது குழந்தைக்கு.

போலீஸ் என்றாலே நீங்கள் பயப்படுவது தெரிகிறது. குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும்.

பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து, மைதானத்தில் விழுந்த பையனைத் தூக்கிவிடவே பயமாக இருக்கிறது.
– உடற்கல்வி ஆசிரியர், நாமக்கல்

தூக்குங்கள் ஐயா. அடிபட்ட பையனைத் தூக்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை; தொடுதலைப் பற்றிப் பேசும் 7ஆம் பிரிவு பாலியல் நோக்கத்தைத்தான் குற்றமாக்குகிறது. உங்களைப் பயமுறுத்தி அனுப்பியவர் சரியாகப் பயிற்சி தரவில்லை. பையன்களுக்கும் இதே சட்டம்தான் என்பதையாவது சொன்னாரா?

ஒரு மணி நேர இணைய வகுப்பில் சான்றிதழ் வாங்கிவிட்டோம். போதுமா?
– டியூஷன் மைய உரிமையாளர், திருப்பூர்

சுவரில் மாட்டப் போதும். உங்களிடம் வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டு, "ஒரு பிள்ளை இப்போது வந்து உங்களிடம் சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள், யாருக்குப் போன் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரியவில்லையென்றால் பயிற்சி கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். நானாக இருந்தாலும் சரி.