பின் சீற்றுக்குக் கீழே ஒரு பற்றரி: அக்வாக்காரர்கள் கேட்டவை

கராஜ் வேலையில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல். யாழ்ப்பாணத்தில் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஒன்று என் பெயரில் ஓடுகிறது. பெற்றோல் எஞ்சினும் கரன்ற் மோட்டாரும் சேர்ந்து ஓடுகிற சின்ன ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் எதையும் கேட்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். அனேகம் அக்வா பற்றியதுதான், இங்கே றோட்டில் ஓடுவதும் அதுதானே.

வவுனியாவில் இருந்து ஓர் ஆசிரியை: லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கு 16 தாண்டுவதில்லை. வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர். வண்டியில் ஏதும் பிழையா அண்ணா?

பிழை வண்டியில் இல்லை தங்கச்சி, விற்றவரின் வாயில்தான். 2011 டிசம்பரில் அக்வா ஜப்பானில் வந்தபோது சொன்ன கணக்கு 35.4. அது ஜேசி08 என்ற ஆய்வுகூடச் சோதனையில் கிடைத்தது. காரை உருளைக்கு மேல் நிறுத்தி, ஏசியை அணைத்து ஓட்டிப் பார்க்கிற சோதனை. வவுனியா வெயிலில் ஏசி இல்லாமல் யார் ஓடப் போகிறார்கள்?

ஆனால் உங்கள் 16க்கு முக்கிய காரணம் அந்த 3 கிலோமீற்றர்தான். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சினும் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிஸ்டும் சூடாக வேண்டும். அதுவரை வண்டி நின்றாலும் எஞ்சின் நிற்காது. சூடாகி, இனி மோட்டாரில் ஓடலாம் என்று கார் நினைக்கிற நேரத்தில் நீங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறீர்கள். பின்னேரம் மறுபடி முதலில் இருந்து. கடை, ரியூஷன், கோயில் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

என் வண்டிக் கணக்கு இது: யாழ் டவுனுக்குள் 20, 21. ஏ9 வீதியில் 70இல் பிடித்துக்கொண்டு போனால் 24. அவசரத்தில் 100 தொட்டால் 19க்கு இறங்கிவிடும். கணக்குப் பார்ப்பதென்றால் டாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். டாஷ்போர்ட் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். என்னுடையது எப்போதும் ஒன்றரை கிலோமீற்றர் கூட்டித்தான் சொல்லும்.

வெள்ளவத்தை: காலி வீதி நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலில் போடுகிறேன். பழைய காரில் பழகிய பழக்கம். சரியா?

விட்டுவிடுங்கள். நியூட்ரலில் இந்தக் கார், மோட்டாரை ஓட்டுகிற பெரிய பற்றரியைச் சார்ஜ் பண்ணாது. ஏசியோ அந்தப் பற்றரியில்தான் ஓடுகிறது. நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்க அது காலியாகிக்கொண்டே போகும். டியில் வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு நில்லுங்கள், கால் நோகுதென்றால் பார்க்கிங்கில் போடுங்கள்.

கொக்குவில்: 'செக் ஹைபிரிட் சிஸ்டம்' என்று வந்தது. பிழை படிக்கிற ஸ்கானர் போட்டவர் பி0ஏ80 என்ற குறியீடு வருகிறது என்றார். இரண்டு செல் மாற்றினால் போதும் என்று ஒருவர், முழுப் பற்றரியும் போய்விட்டது என்று இன்னொருவர். யாரை நம்புவது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பாதிக் கேள்விகள் இதைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன.

அக்வாவின் பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. நாங்கள் 'செல்' என்று சொல்வது உண்மையில் ஒரு கட்டு. ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், அப்படி 20 கட்டு வரிசையாக, மொத்தம் 144 வோல்ற். பி0ஏ80 என்றால் அந்த வரிசையில் சில கட்டுகள் மற்றவற்றோடு சேர்ந்து ஏறி இறங்கவில்லை என்று கொம்பியூட்டர் கண்டுவிட்டது.

இரண்டை மட்டும் மாற்றலாமா என்றால், மாற்றலாம், லைற்றும் அணையும். ஆனால் இருபதும் ஒரே நாளில் பிறந்து ஒரே சூட்டில் வெந்தவை. இரண்டு செத்தால் மற்றப் பதினெட்டும் இளமையாகவா இருக்கும்? என் வண்டிக்கே இது நடந்தது. 2019இல் லைற் எரிந்தது. எனக்கு வேலை நெருக்கடி, தெரிந்த ஓரிடத்தில் கொடுத்து இரண்டு கட்டு மாற்றினேன். நாலு மாதத்தில் மறுபடி எரிந்தது. இந்த முறை வேறு மூன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஊருக்குப் புத்தி சொல்கிறவன் நான். கடைசியில் முழுப் பற்றரியும் மாற்றினேன், அதற்குப் பிறகு தொல்லை இல்லை. ஆகவே வண்டியை விற்கிற எண்ணம் இருந்தால் ஒழிய, இரண்டு செல் வைத்தியத்தில் காசைக் கரைக்காதீர்கள். விற்கிற எண்ணம் இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.

இப்போது ஏன் செத்தது என்ற கதை. பழைய பற்றரியைக் கழற்றியபோது பின் சீற்றின் பக்கவாட்டில் இருக்கிற காற்று வாயைப் பார்த்தேன். காருக்குள் இருக்கிற குளிர்ந்த காற்றை அது வழியாக ஒரு விசிறி இழுத்துப் பற்றரியைக் குளிராக்கும். விசிறி இதழ்களில் செம்மண் தூசி களிபோல அப்பியிருந்தது. நூலும் தலைமுடியும் சுற்றியிருந்தன. அதுக்கு மேல், மகன் எப்போதும் கிரிக்கெட் பையை அந்த வாயை அடைத்துத்தான் வைப்பான். மூன்று வருடமாகப் பற்றரி மூச்சுத் திணறியிருக்கிறது. பின்னால் இருந்து 'உய்ங்' என்று விசிறி கத்துவதை நான் கேட்டும் கணக்கெடுக்கவில்லை.

நடுவில் உள்ள கட்டுகளுக்குத்தான் சூடு அதிகம், அவைதான் அனேகமாக முதலில் போகும். வருடத்துக்கு ஒரு தடவை அந்த விசிறியைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். செம்மண் ஒழுங்கையில் இருப்பவர்கள் இரண்டு தடவை. வெயிலில் நின்ற காரில் ஏறினால் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டபின் ஏசியைப் போடுங்கள். உங்களுக்கு எந்தக் காற்றோ அதுதான் பற்றரிக்கும்.

ஒன்று மட்டும், இதை வீட்டில் யாரும் கழற்றிப் பார்க்காதீர்கள். காற்று வாயில் உள்ள தூசியைத் தட்டுவது உங்கள் வேலை. செம்மஞ்சள் நிற வயர்களுக்குப் பக்கத்தில் போவது பழகியவன் வேலை, அவனும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுத்தான் கை வைப்பான்.

நுவரெலியாவில் இருந்து ஒரு தம்பி: றம்பொடைப் பக்கம் இறங்கும்போது காலை எடுத்தாலும் எஞ்சின் திடீரென்று உறுமுகிறது. ஏறும்போது பாதி வழியில் இழுவை குறைகிறது. மலைக்கு இது சரிவராதோ?

உறுமலுக்குப் பயப்பட வேண்டாம். இறக்கத்தில் சில்லு சுழலும் வேகத்தில் மோட்டார் கரன்ற் உண்டாக்கிப் பற்றரியில் போடும். பற்றரி சின்னது, ஒரு கிலோவாற் மணிகூட இல்லை. நீண்ட இறக்கத்தில் சில நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருகிற கரன்ற்றை எங்கே கொட்டுவது? பெற்றோல் எரிக்காமல் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிச் செலவழிக்கும். அந்தச் சத்தம்தான் அது. றம்பொடை, கடுகண்ணாவை மாதிரி இடங்களில் இறங்கத் தொடங்கும்போதே பியில் போடுங்கள் (ஆங்கில இரண்டாம் எழுத்து, பார்க்கிங் அல்ல). பிரேக் சூடாகாது. சமதரையில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள், வீணாகப் பெற்றோல் குடிக்கும்.

ஏற்றக் கதை வேறு. எஞ்சின் 74 குதிரைவலு, மோட்டாரோடு சேர்த்து 100. ஐந்து பேரும் சாமானும் ஏற்றி நீண்ட ஏற்றம் ஏறினால் பற்றரி இரண்டு கோட்டுக்கு இறங்கும். பிறகு 74ஐ மட்டும் நம்பித்தான் ஏற வேண்டும். வேகத்தைக் குறைத்து ஒரே சீராக ஏறுங்கள்.

கிளிநொச்சி: மாமா கனடாவில் இருந்து வருடத்துக்கு ஒரு தடவை வந்துதான் ஓடுவார். மற்ற நேரம் போர்வை போர்த்தி வைத்திருக்கிறோம். இந்த முறை வந்தபோது ஸ்டார்ட்டே ஆகவில்லை. பெரிய பற்றரி போய்விட்டதா?

அனேகமாகச் சின்னதுதான் போயிருக்கும். ஹைபிரிட்டிலும் 12 வோல்ற் பற்றரி ஒன்று உண்டு. கொம்பியூட்டர்களை எழுப்புவது அது. அது செத்தால் பெரியது நிறைய இருந்தும் 'ரெடி' விளக்கு வராது. நாலைந்து கிழமை சும்மா நின்றாலே அது இறங்கிவிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை 'ரெடி' வரும் வரை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் விடுங்கள், சின்னதும் பெரியதும் இரண்டும் ஏறும். முடிந்தால் அக்கம்பக்கம் ஒரு சுற்று ஓடுங்கள், டயருக்கும் பிரேக்குக்கும் நல்லது.

மாற்றுவதென்றால் கவனம். இதுவும் பின் சீற்றுக்குக் கீழே, காருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வாயுவை வெளியே விடுகிற சின்னக் குழாய் உள்ள வகைதான் போட வேண்டும், மேலே எஸ்34பி20ஆர் என்று இருக்கும். அளவு பொருந்துகிறது என்று கண்ட பற்றரியைப் போட்டு, பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குக் கீழே வாயு விடவேண்டாம்.

சாவகச்சேரி: சேர்விஸ் பில்லில் 'ஃபான் பெல்ற்' என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்கள்.

அக்வாவில் அந்தப் பெல்ற்றே கிடையாது ஐயா. ஏசி, தண்ணீர்ப் பம்ப், ஸ்டியரிங் மூன்றும் கரன்றில் ஓடுபவை. ஆல்ரனேற்றரும் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. காசைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கிய கையோடு கராஜையும் மாற்றுங்கள்.

மட்டக்களப்பு: மழைக்கு வீட்டு முற்றத்தில் சீற் வரை தண்ணீர் வந்துவிட்டது. காய்ந்த பிறகு ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடாது. பட்டனையே தொடாதீர்கள். வெளியில் காய்ந்தாலும் பற்றரிப் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும். இழுத்துச் செல்வதென்றாலும் முன் சில்லுகள் தரையில் உருளக் கூடாது, மேல் ஏற்றிக்கொண்டு போகிற லொறியைக் கூப்பிடுங்கள். முன் சில்லு உருண்டால் மோட்டார் கரன்ற் உண்டாக்கும்.

மானிப்பாய்: புதிதாக வாங்க யோசிக்கிறேன். அக்வாவா, ஹொண்டா ஃபிட்டா, வாகன் ஆரா?

மூன்றுக்கும் பின்னால் 'ஹைபிரிட்' என்று ஒட்டியிருந்தாலும் மூன்றும் மூன்று சாதி. வாகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கை கொடுக்கிற ஒரு சின்ன மோட்டார். 660 சிசி, பாரம் குறைவு, பராமரிப்பும் லேசு. டவுனுக்குள் மட்டும் ஓடுகிற இருவருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஃபிட்டில் 2013இல் வந்த மொடல் ஏழு கியர் இரட்டைக் கிளச். ஓடப் பிடித்தது என்றால் அக்வாவை விட அதுதான். ஆனால் முதல் ஒரு வருடத்திலேயே ஜப்பானில் ஐந்து தடவை திருப்பி அழைத்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் எல்லாம் செய்ததா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். அக்வாவில் கிளச்சே இல்லை, கிரகங்கள் மாதிரிச் சுற்றுகிற ஒரு பல்சக்கரக் கூட்டம்தான் எல்லா வேலையும் பார்க்கிறது. கழன்று தேய அதிகம் ஒன்றும் இல்லை. ஓட்ட ருசி குறைவு, உயரமானவருக்குப் பின் சீற் இடிக்கும், ஆனால் இரவில் கவலையில்லாமல் தூக்கம் வரும்.

எதை வாங்கினாலும் ஓடிய தூரம் காட்டுகிற மீற்றரை நம்பாதீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நடுவில் ஐந்து வருடம் இருந்த வண்டிகளே கை மாறிக் கை மாறி ஓடின. ஸ்கானரைப் போட்டு ஓடவிட்டு, கட்டுகளின் வோல்ற் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பருத்தித்துறை: 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் உண்மையில் உதவியதா, இல்லை கதையா?

உதவியது. கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடிக்கிற பங்கீடு வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எனக்கு அது 400 கிலோமீற்றர், கொழும்புக்கு ஒரு வழி. பக்கத்து வீட்டுப் பழைய காருக்கு அதே 20 லீற்றர் அதில் பாதிதான். ஆனால் அதற்கு முந்திய வரிசைகளில் ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்தவர்களின் ஹைபிரிட்டும் அடிக்கடி எஞ்சினை எழுப்பிக் குடித்துக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் வேப்பமர நிழலில் இறங்கி நின்றோம்.

அதே பருத்தித்துறை: அம்மம்மா சத்தமில்லாத காருக்குப் பயப்படுகிறா. பேய் மாதிரி வருதாம்.

அம்மம்மா சொல்வது சரி. ஒழுங்கைக்குள் மோட்டாரில் ஊரும்போது கோழியும் விலகாது, சைக்கிள்காரரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். றிவேர்ஸ் எடுக்கும்போது அனேகமாக மோட்டார்தான் ஓடும், இரண்டு மடங்கு கவனம். ஹோர்ன் அடிக்க வெட்கப்படாதீர்கள்.

இணுவில்: எந்த ஒயில்?

0டபிள்யூ 20. தடித்தது போட்டால் எஞ்சின் சத்தம் குறையும் என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

திருநெல்வேலி: நாயைப் பின் சீற்றில் ஏற்றலாமா?

ஏற்றலாம். காற்று வாய்க்கு மறுபக்கம் படுக்க விடுங்கள், முடி கொட்டுகிற காலத்தில் மாதம் ஒரு தடவை அந்த வாயைத் தட்டித் துடையுங்கள். எங்கள் வீட்டு நாய் சொல்லிச் சொல்லியும் வாய்ப் பக்கமே தலை வைக்கிறது, அங்கேதான் காற்று ஓடுகிறது என்று அதுக்கும் தெரிந்துவிட்டது.