2022 டிசம்பர் கடைசியில் கேட்ட கேள்வி: 2023-இல் நீங்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் படம் எது?

கல்கியின் நாவலை வைத்து மணிரத்னம் எடுக்கும் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம். டிசம்பர் 28 அன்று, ஏப்ரல் 28-இல் வெளியீடு என்று அறிவித்தார்கள். கடையில் கொடுத்த புதுக் காலண்டரை இன்னும் ஆணியில்கூட மாட்டவில்லை, அதற்குள் அந்த வெள்ளிக்கிழமையைப் பேனாவால் சுழித்து வைத்துவிட்டேன்.

வேறு படங்களுக்கும் காத்திருக்கிறேன்தான். பொங்கலுக்கு 'துணிவு', 'வாரிசு' இரண்டும் வருகின்றன. 2014 பொங்கலுக்கு 'வீரம்', 'ஜில்லா' வந்த பிறகு அஜித்தும் விஜய்யும் இப்போதுதான் மறுபடி நேருக்கு நேர் வருகிறார்கள். ஜெயமோகனின் 'துணைவன்' கதையை வைத்து வெற்றிமாறன் எடுக்கும் 'விடுதலை'யில் சூரிதான் நாயகன், இசை இளையராஜா. ஜூலை 21-இல் நோலனின் 'ஓப்பன்ஹைமர்'. அதற்காகவே கோடாக் நிறுவனம் ஐமேக்ஸ் கேமராவுக்குக் கருப்பு வெள்ளை பிலிம் தயாரித்துக் கொடுத்திருக்கிறது. இவற்றையெல்லாம் பார்ப்பேன். ஆனால் நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பது ஒரு படத்துக்குத்தான், அதிலும் ஒரு காட்சிக்காக.

கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகும் காட்சி.

எனக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். நாவலின் முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரி, எங்களுக்கு வீராணம் ஏரி. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர் நிலங்களைப் பறித்த கதையைச் சொல்கிறது. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தச் சுவரைக் காட்டினார். எழுத்துக் கூட்டப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. கல்லில் விரலை வைத்துத் தடவியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கொலை வழக்கு எங்கள் ஊர்க் கோயில் சுவரில் இருக்கிறது என்பது அந்த வயதில் என்னைத் தூங்கவிடவில்லை.

கல்வெட்டில் பெயர்கள் இருந்தும், கல்கி தன் நாவலில் அதை அப்படி நேராகச் சொல்லவில்லை. ஐந்தாம் பாகத்தில் அந்த அறைக்குள் கரிகாலனும் நந்தினியும் இருக்கிறார்கள், வந்தியத்தேவன் மறைந்து நிற்கிறான், மணிமேகலை இருக்கிறாள், சதிகாரர்கள் தயாராகக் காத்திருக்கிறார்கள். விளக்கு அணைகிறது. வெளிச்சம் வரும்போது இளவரசன் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை "நான்தான் கொன்றேன்" என்கிறாள், பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். படித்து முடித்தவர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எங்கள் வீட்டிலேயே அப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி.

எழுத்தில் "இருள்" என்று ஒரு சொல் போட்டால் போதும், வாசகனுக்கு இருட்டிவிடும். சினிமாவில் என்ன செய்வார்கள்? கேமரா அந்த அறைக்குள் இருந்தே ஆக வேண்டும். கத்தி யார் கையில் இருந்தது என்று காட்டினாலும் கதை மாறிவிடும், காட்டாமல் விட்டாலும் ஏமாற்றிவிட்டதாக ரசிகன் நினைப்பான். திரைக்கதை எழுதிய மணிரத்னமும் ஜெயமோகனும் குமரவேலும் இதை எப்படித் தீர்த்திருப்பார்கள் என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் ஆசையைச் சொல்கிறேன்: கொன்ற கையைக் காட்ட வேண்டாம். ஒளிப்பதிவாளர் ரவிவர்மன் முதல் பாகத்தில் விளக்கொளியில் முகங்களை எப்படிக் காட்டினார் என்று பார்த்தோம். அந்த விளக்கை அவர் அணைக்கும் விதத்தில்தான் இந்தக் காட்சி நிற்கும்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? முதல் பாகம் முழுக்க, வளர்ந்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. இளவயதுக் காதல் மட்டும்தான் வருகிறது. கள்ளும் பாட்டும் ரத்தமும் போர்க்களமும் எல்லாம் அவளை மறக்கத்தான் என்று கரிகாலனாக வந்த விக்ரம் வெடித்தாரே, அந்த "அவள்" எதிரே அவர் வந்து நிற்கப்போவது இரண்டாம் பாகத்தில்தான். 2010-இல் 'ராவணன்' படத்தில் இதே மணிரத்னம் விக்ரமையும், இதில் நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராயையும் எதிரெதிரே நிறுத்தினார். பன்னிரண்டு வருஷம் கழித்து, இரண்டு பேர் முகத்திலும் வயது ஏறியிருக்கிறது. இந்தக் காதலுக்கு அந்த வயது வேண்டும்.

அப்புறம், எங்கள் அப்பாயி. அவருக்கு 84 வயது. 1950-இல் 'கல்கி' இதழில் தொடர் ஆரம்பித்தபோது பன்னிரண்டு வயசுச் சிறுமி. 1954-இல் முடிகிறவரை வாரா வாரம் காத்திருந்து படித்தவர். பத்திரிகை வந்ததும் பெரியவர்கள் படித்து முடிக்கிற வரைக்கும் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாராம். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோந்து போட்டு பைண்டு செய்த கட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. தாள் பழுப்பேறிவிட்டது, ஓரம் தொட்டாலே உதிர்கிறது, ஆனால் ஓவியர் மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கின்றன. 1958-இல் எம்.ஜி.ஆர். இதைப் படமாக எடுக்கப்போகிறார் என்று செய்தி வந்தபோது கல்யாணமாகிப் புதுசு. அன்றிலிருந்து காத்திருந்தவர்.

செப்டம்பர் 30-இல் முதல் பாகம் வந்த வாரமே கூட்டிக்கொண்டு போனோம். படியேற முடியாது என்பதால் கதவை ஒட்டிய வரிசை. கடைசியில் கடலில் கப்பல் மூழ்கி, தண்ணீருக்கடியில் ஊமை ராணி வந்து, அந்த முகம் நந்தினியின் முகமாக இருந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விளக்கு போட்டார்கள்.

"தொடரும்னு போட்டுட்டானா ராசா?"

"ஆமா அப்பாயி."

"அடுத்தது எப்போ?"

"அடுத்த வருஷம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஒரு வாரம்தான்டா" என்றார்.

அந்த ஒரு வருஷம் எனக்கு எப்படியோ, அவருக்கு அது பெரிய கணக்கு. அதனால்தான் தேதி அறிவித்த அன்று நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலமே ஐந்தாம் பாகத்தை எடுத்து, அவருக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட ஆரம்பித்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. மொத்தம் 91 அத்தியாயங்கள், நாளைக்கு ஒன்று என்று வைத்தாலும் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். ஆனால் கடம்பூர் வரும்போது நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார். அதைத் தியேட்டரில் பார்த்த பிறகு மிச்சத்தைப் படிக்கலாமாம்.

நேற்று நாகப்பட்டினத்தில் கடல் பொங்கியது. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்தது.